கோத்தகிரி மார்க்கெட் படிக்கட்டு ஜெராக்ஸ் கடை: அரியர் இருப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம்

கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் சொல்லும் கடை சாதாரணமாகக் கண்ணில் படாது. மார்க்கெட் பக்கம் இறங்கும் படிக்கட்டில் பாதி வழியில், ஒரு தையல் கடையை ஒட்டினாற்போல் இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். போர்டு மழையில் வெளிறிப்போய்விட்டது. கடை நடத்தும் அக்காவிடம் பெயரும் போன் நம்பரும் போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்மா, படிக்கட்டுன்னு எழுது, தேவைப்படுறவங்க வந்துடுவாங்க" என்றார். அதனால் அவரை அக்கா என்றே எழுதுகிறேன்.

நான் டேன்டீ லைனில், அதாவது அரசுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பாயி குடும்பம் இலங்கையிலிருந்து வந்து இங்கே தோட்ட வேலையில் சேர்ந்தது. அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். 2021-இல் பி.காம். சேர்ந்தேன். மூன்று வருஷம் படித்தும், என் மார்க் ஷீட்டில் அச்சடித்திருந்ததில் பாதி எனக்குப் புரிந்ததில்லை. வீட்டில் கேட்க ஆள் இல்லை. கல்லூரி ஆபீஸில் கேட்டால், "நோட்டீஸ் போர்டுல போட்டாச்சே, பார்க்கலையா?" என்பார்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது ஆங்கிலத்தில் ஆறு பக்கம். அதை எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது இந்தக் கடைதான்.

முதல் தடவை நான் போனது 2024 ஜனவரியில். ஐந்தாம் செமஸ்டர் ரிசல்ட் வந்திருந்தது. கார்ப்பரேட் அக்கவுண்டிங்கில் இன்டர்னல் (கல்லூரி போடும் மார்க்) 19, எக்ஸ்டர்னல் (பல்கலைக்கழகத் தேர்வு மார்க்) 26, மொத்தம் 45. பக்கத்தில் 'யூ' என்று இருந்தது, அதாவது தேறவில்லை. பாஸ் மார்க் 40தானே, எனக்கு 45 இருக்கிறதே, கம்ப்யூட்டரில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. லைனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். அம்மாவிடம் காசு வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கக் கடையில் நல்ல கூட்டம். யாரோ சொல்லித்தான் படிக்கட்டில் இறங்கினேன்.

வேறு கடையாக இருந்தால் ஃபார்மை நிரப்பி, சர்வீஸ் சார்ஜ் வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார்கள். அக்கா மவுஸைத் தொடவே இல்லை. "எங்க, மார்க்கைக் காட்டு" என்றார். பார்த்ததும் மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பைரல் பைண்டிங் புத்தகத்தை எடுத்தார். எங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வு விதிமுறை. அவரே டவுன்லோட் செய்து, பிரின்ட் போட்டு, மஞ்சள் மார்க்கரில் கோடு கிழித்து வைத்திருக்கிறார். ஒரு வரியைக் காட்டி என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. மொத்தத்தில் 40 வாங்கினால் மட்டும் போதாது, எக்ஸ்டர்னலில் தனியாக 75-க்கு 30 வாங்கியிருக்க வேண்டும். நான் வாங்கியது 26. மெஷின் சரியாகத்தான் போட்டிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அக்கா டீ வாங்கிவரச் சொன்னார். குடித்து முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. அப்புறம், "மறுமதிப்பீட்டுக்கு இப்பவே கட்டாத. முதல்ல விடைத்தாள் நகல் வாங்கிப் பாரு. அதுக்குத் தனி ஃபீஸ், குறைச்சல்தான். பார்த்துட்டு முடிவு பண்ணு" என்றார். தன் விடைத்தாளைப் பார்ப்பது தேர்வு எழுதியவரின் உரிமை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சி.பி.எஸ்.இ. தொடர்பான ஒரு வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம், திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆன்லைனிலேயே நகல் கேட்க வசதி இருந்ததால் அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை.

நகல் வந்தது. எங்கள் வினாத்தாள் 10 ஒரு மார்க், 5 ஐந்து மார்க், 5 எட்டு மார்க் என்று மொத்தம் 75. எனக்கு முதல் பகுதியில் 7, இரண்டாவதில் 9, மூன்றாவதில் 10. கூட்டலில் பிழை இல்லை. திருத்தாமல் விட்ட பக்கமும் இல்லை. அக்காவுக்கு அக்கவுண்ட்ஸ் தெரியாது. அதை ஒளிக்காமல் சொன்னார்: "எனக்கு இந்தப் பாடம் தெரியாது பாப்பா. உங்க மிஸ்ஸுகிட்ட காட்டு." மிஸ் பார்த்தார். எட்டு மார்க் கணக்கு இரண்டிலும் விடை மட்டும் எழுதி வொர்க்கிங் நோட்ஸ் போடாமல் விட்டிருந்தேன். விடையும் தப்பு. படிப்படியாகப் போட்டிருந்தால் விடை தப்பானாலும் பாதி மார்க்காவது வந்திருக்கும், இப்போது நாலு மார்க் ஏற வழியே இல்லை என்றார். மறுமதிப்பீட்டுப் பணம் மிச்சம். அதைவிடப் பெரிய லாபம், எங்கே விட்டேன் என்று என் கையெழுத்திலேயே பார்த்தது. ஏப்ரலில் ஆறாம் செமஸ்டர் பேப்பர்களோடு சேர்த்து அதையும் எழுதினேன். பழைய இன்டர்னல் 19 அப்படியே இருந்தது. எக்ஸ்டர்னலில் 41. மொத்தம் 60.

இந்தக் கடையைப் பற்றி எழுத இந்த ஒரு காரணமே போதும். ஆனால் அதற்குப் பிறகும் பல தடவை போயிருக்கிறேன்.

கிரெடிட் என்றால் என்ன என்று என் வகுப்பில் யாரைக் கேட்டாலும், "பாஸானா கிடைக்கும்" என்பார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரப் பாடம் ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட், செய்முறை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லும் பொதுக் கணக்கு இது. எங்கள் டைம்டேபிளில் வாரம் ஐந்து மணி நேரம் நடந்த பாடத்துக்கும் நாலு கிரெடிட்தான், அது அந்தந்தப் பாடத்திட்டத்தின் முடிவு. பட்டம் வாங்க எங்களுக்கு மொத்தம் 140. 'யூ' வாங்கிய பேப்பருக்கு, திரும்ப எழுதித் தேறும்வரை ஒரு கிரெடிட்கூட ஏறாது. அதனால்தான் ஐந்தாம் செமஸ்டரில் 19 வர வேண்டிய இடத்தில் எனக்கு 15 என்று இருந்தது. அந்த 15 என்ன என்று தெரியாமல் ஒரு மாதம் சுற்றியிருக்கிறேன்.

ஜி.பி.ஏ., அதாவது பத்துக்கு இத்தனை என்று வரும் சராசரி, போடும் விதத்தையும் அக்கா பேப்பரும் பேனாவும் கொடுத்து என்னையே போடச் சொன்னார். என் ஐந்து பேப்பர்: 60, 72, 55, 68, 81. கூட்டி ஐந்தால் வகுத்து 67.2, பத்துக்கு 6.72 என்றேன். தலையை ஆட்டினார். ஒவ்வொரு மார்க்கையும் பத்தால் வகுத்து, அந்தப் பேப்பரின் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். முதல் நாலும் நாலு நாலு கிரெடிட், கடைசி விருப்பப் பாடம் மூன்று. 24, 28.8, 22, 27.2, 24.3. கூட்டினால் 126.3. அதை 19 கிரெடிட்டால் வகுத்தால் 6.65. நான் நன்றாக எழுதிய பேப்பருக்கு கிரெடிட் குறைவு என்பதால் சராசரி கீழே இறங்கியது. எந்தப் பேப்பருக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்று ஒரு வருஷம் முன்பே இது தெரிந்திருந்தால் என் படிப்பே வேறு மாதிரி இருந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. எங்களுக்குப் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முக்கியப் பாடங்கள் என்று சராசரி தனித்தனியாகத்தான் வரும். தமிழில் வாங்கிய 88 அக்கவுண்ட்ஸைத் தூக்கிவிடாது.

எழுத்து கிரேடு விஷயத்தை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். மலையில் எத்தனையோ வீட்டில் இதனால் வீண் வருத்தம். எங்கள் மார்க் ஷீட்டில் 75 முதல் 79 வரை வாங்கினால் 'டி', 80 முதல் 89 வரை 'டி பிளஸ்'. டி என்றால் டிஸ்டிங்ஷன். இது தெரியாமல், ஸ்கூலில் ஏ, பி, சி, டி என்று பார்த்த பழக்கத்தில், 81 வாங்கிய பேப்பரை அம்மாவிடம் காட்டாமல் மறைத்தேன். என் தோழி 'டி' பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்திருந்தாள். அவள் வாங்கியது 78. எங்களுக்கு 'ஏ பிளஸ்' என்றால் 70 முதல் 74. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் என் சித்தி பையனுக்கு 'ஏ பிளஸ்' என்றால் பத்துக்கு 9 பாயின்ட். யு.ஜி.சி. 2015-இல் சொன்ன பத்துப் புள்ளி முறையிலும் அப்படித்தான்: ஓ 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் (B+) 7, பி (B) 6, சி 5, தேறினால் போதும் என்ற பி-க்கு (P, பாஸ்) 4. ஒரே எழுத்து, இரண்டு அர்த்தம். என் கம்பெனி சட்டம் 72-க்கும் அவனுடைய ஏ பிளஸுக்கும் சேர்த்து சித்தி ஒரே நாளில் கேசரி கிண்டினார். சந்தோஷமாகச் சாப்பிட்டோம், அது வேறு. வேலைக்குப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது.

ஒரு கம்பெனி இன்டர்வியூ ஃபார்மில் சதவீதம் கேட்டிருந்தார்கள். என்னிடம் இருந்தது சி.ஜி.பி.ஏ., எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி. பத்தால் பெருக்கிவிடலாம் என்று எழுதப்போனவளை அக்கா நிறுத்தினார். எங்கள் பல்கலைக்கழகத்துக்கு அது சரி, எல்லா இடத்துக்கும் சரியில்லை. தொழில்நுட்பப் படிப்புகளைக் கவனிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் கையேட்டுப் பட்டியலில் 6.25 என்றால் 55 சதவீதம், 6.75 என்றால் 60. அதாவது முக்கால் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்குகிறார்கள். "மார்க் ஷீட்டைத் திருப்பிப் பாரு, பின்னாடி என்ன எழுதியிருக்கோ அதைத்தான் போடணும்" என்றார். மூன்று வருஷத்தில் நான் திருப்பிப் பார்த்ததே இல்லை. கிரேடு பட்டியல் முழுவதும் அங்கேதான் இருந்தது.

சித்தி பையன் கதையும் இந்தக் கடையில்தான் நடந்தது. 2024 ஜூலையில் ஒரு விருப்பப் பாடத்துக்குப் பதிலாக என்.பி.டெல். படிப்பு எடுக்க நினைத்தான். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து ஆன்லைனில் நடத்துவது. வீடியோ பார்ப்பதும் பாடம் படிப்பதும் இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம். அவன் எட்டு வாரப் படிப்பைத் தேர்ந்திருந்தான், சீக்கிரம் முடியும் என்று. அக்கா ஒரே கேள்வி கேட்டார்: "உன் எலெக்டிவ் எத்தனை கிரெடிட்?" மூன்று என்றான். நாலு வாரம் ஒன்று, எட்டு வாரம் இரண்டு, பன்னிரண்டு வாரம் மூன்று. எட்டு வாரம் படித்திருந்தால் ஒரு கிரெடிட் துண்டு விழுந்திருக்கும். பன்னிரண்டு வாரத்துக்கு மாற்றினான். அதற்கும் முன்னால் கல்லூரியில் எழுத்தில் அனுமதி வாங்கச் சொன்னார். யு.ஜி.சி.யின் 2021 விதிப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் தளத்திலிருந்து (என்.பி.டெல். படிப்புகளும் வரும் மத்திய அரசின் ஆன்லைன் தளம்) எடுக்கலாம். ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பது அந்தந்தக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் முடிவு செய்வது. படித்து முடித்துவிட்டுப் போய் நின்றால், "இந்தப் பாடம் எங்க லிஸ்ட்ல இல்ல" என்று சொல்லிவிடலாம். அப்படி ஏமாந்த ஒரு பெண்ணை இதே பெஞ்சில் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தேர்விலும் அசைன்மென்ட் 25, தேர்வு 75. அசைன்மென்டில் 10-உம் தேர்வில் 30-உம் தனித்தனியாக வாங்க வேண்டும். 75-க்கு 30! எனக்கு உயிரே போய்வந்த அதே எண். அவனிடம் அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மழையில் கரன்ட் போய் இரண்டு வார அசைன்மென்ட் போடவில்லை. பன்னிரண்டில் சிறந்த எட்டை மட்டுமே எடுப்பார்கள் என்பதால் பிழைத்தான். தேர்வு மையமாகக் கோயம்புத்தூரைப் போட்டிருந்தான். அப்போது லீவில் ஊருக்கு வந்திருந்தவனை, காலைத் தேர்வு, மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்தால் அவ்வளவுதான், முந்தின நாள் சாயங்காலமே இறங்கிவிடு என்று விரட்டினோம். 21-உம் 44-உம் சேர்த்து 65. 60-க்கு மேல் என்பதால் 'எலைட்' சான்றிதழ்.

மழை என்றதும் ஞாபகம் வருகிறது. நவம்பர் தேர்வு எங்களுக்கு எப்போதும் வடகிழக்குப் பருவமழையோடுதான். கலெக்டர் லீவு விட்டுவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வந்தவுடன் போர்த்திப் படுத்துவிடக் கூடாது. பல்கலைக்கழகத் தேர்வு தள்ளிப்போனதா என்று பல்கலைக்கழக அறிவிப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட நாட்களில் அக்கா காலை ஏழு மணிக்கே கடையைத் திறந்து, அறிவிப்பைப் பிரின்ட் எடுத்து ஷட்டரில் ஒட்டிவிடுவார். இதற்குக் காசு ஏது.

ஏ.பி.சி. ஐ.டி. எடுக்க வருகிற கூட்டம்தான் இப்போது அதிகம். ஏ.பி.சி. என்றால் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் வங்கி மாதிரி அது. யு.ஜி.சி. 2021 ஜூலையில் விதி கொண்டுவந்தது. டிஜிலாக்கர் என்ற அரசின் ஆன்லைன் ஆவணப் பெட்டி வழியாக 12 இலக்க எண் கிடைக்கும். படிப்பை நடுவில் விட்டவர்கள், வேறு கல்லூரிக்குப் போகிறவர்கள், விதிகள் இடம் கொடுத்தால், ஏற்கெனவே வாங்கிய கிரெடிட்டை எடுத்துப்போகலாம். அதிகபட்சம் ஏழு வருஷம் செல்லும். கேட்க எளிதாக இருக்கிறது. எடுக்கப் போனால் மூன்று இடத்தில் கால் தடுக்கும். ஒன்று, ஆதாரில் உள்ள போன் நம்பர். எங்கள் லைனில் பாதிப் பேருக்கு அது அப்பாவின் பழைய சிம், இப்போது உயிரோடு இல்லாத நம்பர். ஓ.டி.பி. எங்கே போகும்? முதலில் ஆதார் மையத்துக்குப் போய் நம்பர் மாற்ற வேண்டும். இரண்டு, இனிஷியல். மார்க் ஷீட்டில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால், இன்னும் சிலருக்கு ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. நமக்கு அது ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். மூன்றாவது, ஐ.டி. வந்ததும் உள்ளே போய்ப் பார்த்தால் பூஜ்யம் என்று காட்டும். எனக்கும் காட்டியது. படித்ததெல்லாம் போச்சா என்று பதறிவிட்டேன். "பாஸ்புக்தான் உன் கையில இருக்கு, வரவு வைக்கிறது உங்க பல்கலைக்கழகம். அவங்க ஏத்தினாத்தான் தெரியும்" என்றார் அக்கா. ஐ.டி.யைக் கல்லூரியில் கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாரிடமும் இதைச் சொல்கிறார்.

கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் வருவதில்லை. ஒரு அங்கன்வாடி அக்கா இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படிக்கிறார், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அங்கே அசைன்மென்டுக்கு 30, ஜூன், டிசம்பர் தேர்வுக்கு 70 சதவீதம். அசைன்மென்ட் கையால் எழுதித் தர வேண்டும். இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கு. மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷம்வரை நீட்டலாம் என்பதுதான் தனக்குத் தைரியம் கொடுத்தது என்றார். அவர் எழுதி முடித்த அசைன்மென்டைப் பிரதி எடுத்து ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லி அக்கா வற்புறுத்துவதைக் கேட்டிருக்கிறேன்.

அக்காவுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒருநாள் கேட்டேன். அவர் பி.எஸ்சி. படித்தவர். இரண்டு பேப்பர் அரியர். கல்யாணம், குழந்தை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். படிப்புக் காலம் போக இத்தனை வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கிறது, அது தாண்டினால் பல்கலைக்கழகம் எப்போதாவது அறிவிக்கும் சிறப்பு வாய்ப்புக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லாத விஷயம். அப்படி ஒரு வாய்ப்பு வந்தது என்பதே, அது முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த ஸ்பைரல் புத்தகத்தில் மஞ்சள் கோடு அழுத்தமாக விழுந்திருப்பது அந்தப் பக்கத்தில்தான்.

விலை நியாயம். ஜெராக்ஸ் பக்கத்துக்கு இரண்டு ரூபாய், ஆன்லைன் ஃபார்ம் ஐம்பது. விளக்கம் சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை. ஹால் டிக்கெட்டில் போட்டோ தெளிவாக இல்லை என்றால் அவரே திரும்ப எடுத்துக் கொடுத்துவிடுகிறார். எல்லாப் பணமும் கட்டின ரசீதை மெயிலிலும் அனுப்பி, பேப்பரிலும் கொடுக்கிறார். என் அரியர் ஃபீஸ் கட்டவில்லை என்று ஆபீஸில் சொன்னபோது அந்தப் பேப்பர்தான் காப்பாற்றியது.

குறையும் சொல்ல வேண்டும். பெஞ்சில் மூன்று பேர்தான் உட்காரலாம். ஃபீஸ் கட்டக் கடைசி நாள் என்றால் படிக்கட்டில் மழையில் நிற்க வேண்டும். சிக்னல் இல்லாத நேரம் ஜிபே ஓடாது, கையில் சில்லறை கொண்டுபோவது நல்லது. அக்கா கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஏழு மணிக்கு மேல் எவ்வளவு அவசரம் என்றாலும் ஷட்டர் இறங்கிவிடும். இதெல்லாம் பெரிசில்லை. எனக்கு உறுத்துவது ஒன்றுதான். கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரில் பல பேருடைய ஆதாரும் மார்க் ஷீட்டும் அப்படியே கிடந்ததை ஒருநாள் பார்த்தேன். சொன்னதும் அக்கா முகம் மாறிவிட்டது. அன்றே எல்லாவற்றையும் அழித்தார், இப்போது சாயங்காலம் தினமும் அழிப்பதாகச் சொல்கிறார். ஆனால் உதவிக்கு ஒரு பையன் இருக்கிறான், அவன் மறந்துவிடுகிறான். உங்கள் வேலை முடிந்ததும், "என் ஃபைலை அழிச்சிட்டீங்களா?" என்று கேட்டு, ரீசைக்கிள் பின் வரை பார்த்துவிட்டு எழுந்திருங்கள். கேட்டால் அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒன்றைப் பிடித்துவைத்தது இதற்காகத்தான். அந்த ஃபோல்டர் எப்போது போனாலும் காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் அந்த ஒன்றையும் சேர்த்துவிடுவேன்.

நான் இப்போது ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் பட்டச் சான்றிதழும் ஒருங்கிணைந்த மார்க் ஷீட்டும் கைக்கு வந்தன. அம்மா கூடவே வந்தார், லேமினேஷன் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று. அக்கா மாட்டேன் என்றுவிட்டார். ஒரிஜினலை லேமினேட் செய்தால் பின்னால் சான்றொப்பம் வாங்கும் இடத்திலோ வெளிநாட்டு வேலைக்குச் சரிபார்க்கும் இடத்திலோ சிக்கல் வரும் என்றார். கலர் ஜெராக்ஸ் எடுத்து அதை லேமினேட் செய்து அம்மா கையில் கொடுத்தார். ஒரிஜினலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் தந்தார். அம்மா அந்தக் கலர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, "இதுல கார்ப்பரேட் எது?" என்று கேட்டார். காட்டினேன். 60, ஏ. அப்புறம் தாளைத் திருப்பினார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "பின்னாடி ஒன்னும் எழுதலையே?" என்றார். அக்கா ஒன்றும் சொல்லாமல் ஒரிஜினலின் பின்பக்கத்தையும் கலர் ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் மெஷினைத் திரும்பவும் சூடேற்ற ஆரம்பித்தார்.